லாரியில் வரும் சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர்: தோட்டத்துக்கு விடலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் 4 ஏக்கர் தோட்டங்க. தென்னை, கொஞ்சம் கோ-4 தீவனப்புல், தக்காளி. போர் ஆயிரம் அடி தாண்டியும் தண்ணீர் போதவில்லை. சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர் லாரியில் கிடைக்கிறது. விடலாங்களா? கறவை மாடு இரண்டு இருக்கிறது.

பதில்: தென்னைக்குத் தாராளமாக விடலாம், தண்ணீரைப் பரிசோதித்த பிறகு.

தெளிவாக இருக்கிறது, நாற்றமில்லை என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். வழக்கமான சுத்திகரிப்பில் அழுக்கு போகும், கிருமி குறையும்; கரைந்த உப்பு அப்படியே நிற்கும். சாயத்தண்ணீர் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் நொய்யல் ஆற்றுப் பாசனத்தை எப்படிக் கெடுத்தது என்று உங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் லோடுக்கு விலை பேசும் முன், எந்த நிலையத்தில் ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, அன்றைக்கே கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ பக்கத்துப் பரிசோதனை நிலையத்திலோ கொடுங்கள். மின்கடத்துதிறன் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவு) மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் கீழ் என்றால் கவலையில்லை. 3 வரை பயிரைப் பார்த்து விடலாம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். 3-க்கு மேல் என்றால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சோடியம் அளவையும் கேளுங்கள். கரிசல் மண்ணில் அது ஏறினால் மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. அப்புறம் ஜிப்சம் போட்டு மீட்க வேண்டிவரும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருந்தால், பத்தாயிரம் லிட்டர் லாரி பத்து வந்ததும் 2 கிலோ தழைச்சத்து சேர்ந்துவிடும். அது நாலு கிலோ யூரியாவுக்கு மேல். அதற்குத் தக்கபடி யூரியாவைக் குறையுங்கள்.

புல்லுக்கு விடலாம், அறுப்புக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, அறுத்ததை வெயிலில் வாட்டிப் போடுங்கள். மாடு குடிக்க இந்தத் தண்ணீர் வேண்டாம். தக்காளிக்கும் வேண்டாம், பழம் ஈர மண்ணில் படும், அதைப் பச்சையாகத் தின்பவர்கள் உண்டு. போரில் வருகிற கொஞ்சத்தைத் தக்காளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சொட்டுநீர் போட்டிருந்தால் மணல் வடிகட்டி இல்லாமல் தொடங்காதீர்கள், பாசி அடைத்துவிடும். தொட்டியையும் மூடியே வையுங்கள்.