அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கறுப்பின வீரர்கள்தானே அதிகம்? அங்கே நிறவெறி எப்போது இருந்தது, எப்படிப் போனது?

‘எப்போது இருந்தது’ என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். ‘எப்படிப் போனது’ என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

நான் இருப்பது டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில். ஐடி வேலை, வந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. பேஸ்கட்பால் ஞானமெல்லாம் எனக்குக் கிடையாது. பள்ளிக்கூட டீமில் ஆடும் மகளுக்கு டிரைவர் உத்தியோகம் பார்ப்பதோடு சரி. அவளுக்காகத்தான் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஜிம்முக்கு முதல்முறை போனேன். விசித்திரமான அரங்கு அது. ஆடுகளம் நாடக மேடை மாதிரி உயர்ந்து நிற்கும். மற்ற ஊர்களில் பக்கவாட்டில் இருக்கும் டீம் பெஞ்சு இங்கே இரண்டு முனையிலும் ரிங்குக்குப் பின்னால். அந்தக் கோடியில் இருக்கிற ஆட்டக்காரருக்கு கோச் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்குமா என்பது சந்தேகம்தான். அண்ணாந்து பார்த்தால் கூரையில் 25 என்று போட்ட சட்டை. “யாருப்பா அது?” என்றாள் மகள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து தேடினேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

அந்த 25, பெர்ரி வாலஸ். அவருக்கு மரியாதையாகத்தான் சட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவரிடம் வருவதற்குமுன் அவருக்கு முந்தைய காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று பெரும்பாலும் யாரும் எழுதிவைக்கவில்லை. சாமர்த்தியமே அதில்தான் இருந்தது. வடக்கே சில கல்லூரிகளில் ஒருவர் இருவர் ஆடுவார்கள். தெற்கத்தி அணியோடு ஆட்டம் என்றால் அவர்களை வெளியே உட்காரவைத்துவிடுவார்கள். இதற்குக் ‘கனவான்கள் ஒப்பந்தம்’ என்று பெயர் வேறு! 1946 டிசம்பரில் டென்னசி பல்கலை அணி பென்சில்வேனியா வரைக்கும் போய், எதிரணியான டுகேனில் சக் கூப்பர் என்ற கறுப்பின இளைஞர் ஆடுவார் என்று தெரிந்ததும் ஆடாமலே ஊர் திரும்பியது. அதே கூப்பரை 1950-ல் தொழில்முறைப் போட்டியான என்பிஏவின் அணி ஒன்று தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்வான முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

இன்னொருவர் ஜான் மெக்லெண்டன். 1930-களில் கன்சாஸ் பல்கலையில் படித்தவர். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே நேரடியாகப் பாடம் கேட்டவர். கண்டுபிடித்தவர் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் பல்கலை அணியில் சேர்ந்து ஆடக்கூடாது! பிறகு வட கரோலினாவில் டர்ஹாம் நகரக் கறுப்பினக் கல்லூரி ஒன்றுக்கு கோச் ஆனார். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. ஊரே சர்ச்சில் இருக்கும் நேரமாகப் பார்த்து, டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளைக்கார அணி ரகசியமாக அவர் ஜிம்முக்கு வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். மெக்லெண்டனின் பையன்கள் 88-44 என்று வென்றார்கள். அதோடு விடாமல் இரண்டு அணியையும் கலந்து இன்னொரு ஆட்டமும் ஆடியிருக்கிறார்கள். மாட்டியிருந்தால் சிறையோ அதைவிட மோசமோ. இந்தச் சேதி பரவலாக வெளியே தெரிந்தது 1996-ல்.

மிசிசிப்பி ஸ்டேட் கதை இதைவிட சினிமாத்தனம். நல்ல அணி. 1959, 1961, 1962 என்று தன் வட்டாரப் போட்டியில் ஜெயித்தும் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. அங்கே போனால் கறுப்பினத்தவர் இருக்கும் அணியோடு ஆட வேண்டிவருமே! 1963-ல் மறுபடி ஜெயித்தார்கள். இந்த முறை போயே தீருவது என்று பல்கலைத் தலைவர் டீன் கோல்வர்ட் முடிவெடுத்தார். முந்தின இலையுதிர்காலத்தில்தான் அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலையில் ஜேம்ஸ் மெரடித் என்ற ஒரே ஒரு கறுப்பின மாணவர் சேர்ந்ததற்குக் கலவரம் நடந்து இரண்டு பேர் செத்திருந்தார்கள். அரசியல்வாதி ஒருவர் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கிவிட்டார். உத்தரவு கைக்கு வந்தால்தானே கட்டுப்பட வேண்டும்? கோச் பேப் மெக்கார்த்தி முந்தின ராத்திரியே மாநில எல்லையைத் தாண்டிவிட்டார். கோல்வர்ட் அலபாமா பக்கம் கிளம்பிவிட்டார். காலையில் மாற்று ஆட்டக்காரர்களை முதலில் ஏர்போர்ட்டுக்கு அனுப்பி, போலீஸ் நிற்கிறதா என்று நோட்டம் பார்த்து, பிறகு மற்றவர்கள் ஓடிவந்து விமானம் ஏறினார்கள். இந்த நாஷ்வில்லில் இறங்கி கோச்சை ஏற்றிக்கொண்டு மிச்சிகன் போனார்கள்.

எதிரே சிகாகோவின் லயோலா. ஆட்டம் தொடங்கும்போது இறங்கும் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். 1963 மார்ச் 15. லயோலா கேப்டன் ஜெரி ஹார்க்னஸ், மிசிசிப்பி கேப்டன் ஜோ டான் கோல்டிடம் கைகுலுக்க நடுவே வந்தார். சுற்றிலும் கேமரா பல்புகள் வெடித்தன. ஒரு கைகுலுக்கலுக்கு இத்தனை பல்பா என்று அவருக்கே அப்போதுதான் உறைத்ததாம். லயோலா 61-51 என்று வென்றது, அந்த வருஷக் கோப்பையையும் தூக்கியது. 2011-ல் கோல்ட் இறந்தபோது ஹார்க்னஸ் துக்கத்துக்குப் போனார். சவப்பெட்டியின் பக்கத்தில் அந்தக் கைகுலுக்கல் படத்தை வைத்திருந்தார்கள்.

1966 இறுதிப்போட்டி எல்லோருக்கும் தெரிந்தது, சினிமாகூட வந்துவிட்டது, அதனால் சுருக்கமாக. டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரியின் கோச் டான் ஹாஸ்கின்ஸ் ஐந்து கறுப்பின வீரர்களை இறக்கினார். எதிரே முழுக்க வெள்ளையரான கென்டக்கி, கோச் அடால்ஃப் ரப். முடிவு 72-65. அந்தக் காலத்து கோச்சுகளிடையே ஒரு கணக்கு உண்டு: கறுப்பு ஆட்டக்காரர் உள்ளூரில் இரண்டு பேர், வெளியூரில் மூன்று, தோற்கிற மாதிரி இருந்தால் நாலு. அந்தக் கணக்கை ஹாஸ்கின்ஸ் உடைத்தார். கறுப்பினத்தவர் ஆடினால் கட்டுப்பாடில்லாத ஓட்டமாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நேரே, அன்று நிதானமாக, தடுப்பாட்டத்தை நம்பி ஆடியது டெக்சஸ் வெஸ்டர்ன்தான். ஆனால் அதோடு கதை சுபம் என்று முடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஐந்து பேர் சேர்ந்து ஜெயிப்பது ஒன்று. யாருமில்லாத இடத்துக்கு ஒருவர் தனியாகப் போவது வேறு.

அந்த இறுதிப்போட்டி நடந்த அதே மார்ச் 19 அன்று, மெமோரியல் ஜிம்மில், வெள்ளையர், கறுப்பினத்தவர் பள்ளிகள் சேர்ந்து ஆடிய டென்னசியின் முதல் மாநிலப் போட்டியில் நாஷ்வில்லின் பேர்ல் பள்ளி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியது. அந்த அணியின் நடுநாயகம் வாலஸ். வகுப்பில் முதல் மாணவர். அப்பா கொத்தனார், அம்மா அலுவலகங்களைச் சுத்தம் செய்பவர். நாடெங்கும் கல்லூரிகள் கூப்பிட்டன. வாண்டர்பில்ட் கோச் ராய் ஸ்கின்னர் வீட்டுக்கு வந்தபோது பெற்றோரை ‘மிஸ்டர் வாலஸ், மிஸஸ் வாலஸ்’ என்று அழைத்தார். தெற்கில் வெள்ளைக்காரர்கள் தாத்தா வயதுக் கறுப்பினத்தவரையும் ‘பையா’ என்று கூப்பிட்ட காலம். ஒரு மரியாதைச் சொல்லில் என்ன இருக்கிறது என்று நம்மூர்க்காரர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். வாலஸ் உள்ளூரிலேயே சேர்ந்தார். தென்கிழக்குக் கல்லூரிகளின் எஸ்இசி வட்டாரத்தில் ஸ்காலர்ஷிப்பில் வந்த முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரர் அவர். இதே வாண்டர்பில்ட், கறுப்பினத்தவருக்குப் பரிமாறாத உணவகங்களில் போய் உட்காரும் மறியல் போராட்டத்துக்குப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின மாணவரை 1960-ல் வெளியேற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மறியலை வேடிக்கை பார்க்க 12 வயதில் டவுனுக்குப் போனவர் வாலஸ்.

முதல் வருஷம் டெட்ராய்ட்டிலிருந்து வந்த காட்ஃப்ரி டில்லர்ட் என்ற இன்னொரு கறுப்பினத் தோழர் துணைக்கு இருந்தார். 1967-ல் மிசிசிப்பியின் ஸ்டார்க்வில்லில் ஆட்டம். முதல் பாதி முழுக்க வசை. இடைவேளையில் லாக்கர் ரூமில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பயத்தில் கை சில்லிட்டிருந்ததாம். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. பிறகு டில்லர்டுக்கு முழங்காலில் அடி, அணியிலும் இடமில்லை, கல்லூரியை விட்டே போய்விட்டார். வாலஸ் ஒண்டி.

1968 பிப்ரவரி, மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் முகத்தில் ஒரு இடி, கண்ணுக்குக் கீழே. ஃபவுல் கொடுக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. லாக்கர் ரூமில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் பாதிக்கு நேரமாகிவிட்டது. கோச், சக ஆட்டக்காரர்கள் எல்லோரும் களத்துக்குப் போய்விட்டார்கள். கண் வீங்கி, அவர் மட்டும் பின்னால் வருகிறார். கதவைத் தாண்டியதும் அந்த ஆயிரக்கணக்கானவர்கள், பயந்துட்டியா என்று கேட்டு, கறுப்பினத்தவரை இழிவாக அழைக்கும் வசைச்சொல்லையும் சேர்த்துக் கத்துகிறார்கள். தன் அணிப் பெஞ்சைப் பார்க்கிறார். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆட்டம் ஜெயித்த பிறகும் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தின் கூச்சலைவிட இந்த மௌனம்தான் அவரைப் பல வருஷம் துரத்தியிருக்கிறது.

அணிக்காரர்கள் கெட்டவர்களா என்றால் இல்லை. நல்ல பிள்ளைகள், வம்புக்குப் போகாதவர்கள். நானும் அந்தப் பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கும்போது சங்கடமாக இருக்கிறது. கல்லூரிக்கு எதிரே இருந்த ஒரு தேவாலயத்துக்கு வாலஸ் ஞாயிறுதோறும் போனார். பெரியவர்கள் தனியே கூப்பிட்டு, நீ வந்தால் சிலர் உயிலில் சபைக்கு எழுதிவைத்ததை மாற்றிவிடுவார்கள், எங்களுக்கொன்றும் இல்லை தம்பி என்கிற தோரணையில் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

டங்க் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். பந்தை ரிங்குக்கு மேலிருந்து குத்தி இறக்குவது வாலஸின் கைவந்த கலை. 1967-68 பருவம் முதல் கல்லூரி ஆட்டத்தில் டங்க் கூடாது என்று விதி வந்தது. காயம் படுகிறது, ரிங் உடைகிறது, உயரமானவர்களுக்குச் சாதகம் என்று காரணம் சொன்னார்கள். டங்க் அடிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதை லூ அல்சிண்டர் (பிற்பாடு கரீம் அப்துல் ஜப்பார்) அப்போதே சுட்டிக்காட்டினார். தடை 1976 வரை நீடித்தது. வாலஸ் தன் கடைசி உள்ளூர் ஆட்டத்தை, 1970-ல், அதே மெமோரியல் ஜிம்மில் ஒரு டங்க்கோடு முடித்தார். விதிப்படி தப்பு. நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பேட்டி. ஊர் எதிர்பார்த்தது நன்றியுரை. அவர் சொன்னதோ, நான்கு வருஷமும் தனியாக இருந்தேன், நான் அங்கே இருப்பதாகவே பலர் காட்டிக்கொள்ளவில்லை என்பது. நன்றிகெட்டவன் என்று ஊர் பேசும் என்று தெரிந்தே சொல்லிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பினார். எலெக்ட்ரிகல் இஞ்சினியரிங் முடித்தவர், கொலம்பியாவில் சட்டம் படித்து, மத்திய நீதித்துறையில் வேலை பார்த்து, வாஷிங்டனில் சட்டப் பேராசிரியர் ஆனார். சட்டையைக் கூரையில் ஏற்ற வாண்டர்பில்ட்டுக்கு 2004 ஆனது. 2017-ல் இறந்தார். 2020-ல் கல்லூரிப் பக்கத்துச் சாலையில் ஒரு துண்டுக்கு அவர் பெயர். அந்த வழியாகத்தான் மகளை பிராக்டிஸுக்கு விடுகிறேன்.

சரி, ‘எப்படிப் போனது’. கதவு திறந்ததும் ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களை வளர்த்த கறுப்பினக் கல்லூரிகள் காலியாகின. 1967-ல் ஏர்ல் மன்றோ என்ற வீரரை வைத்துக்கொண்டு சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் வாங்கிய வின்ஸ்டன்-சேலம் ஸ்டேட் மாதிரி இடங்களுக்கு அந்தத் தரத்து ஆட்கள் பிறகு வருவது அரிதாகிவிட்டது. ஆட்டக்காரர்களைத் தூக்கிக்கொண்ட பெரிய பல்கலைகள் அவர்களுடைய கோச்சுகளை அதே வேகத்தில் தூக்கவில்லை. ஆண்கள் பிரிவின் முதன்மைப் பட்டம் 1939 முதல் இருக்கிறது. 2025 வரை அதை வென்ற கறுப்பின கோச்சுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: ஜான் தாம்ஸன் (1984), நோலன் ரிச்சர்ட்சன் (1994), டப்பி ஸ்மித் (1998), கெவின் ஓலி (2014). முதல் ஆள் என்று பாராட்டியபோது தாம்ஸன் பல்லைக் காட்டவில்லை. எனக்கு முன்னால் தகுதியுள்ள எத்தனையோ பேருக்கு வாய்ப்பே கொடுக்கவில்லையே என்று திருப்பிக் கேட்டார். 1989-ல், நுழைவுத்தேர்வு மதிப்பெண் குறைந்தால் முதல் வருஷ ஸ்காலர்ஷிப்பே கிடையாது என்று விதி வந்தபோது, அது ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைத்தான் வெட்டும் என்று ஆட்டம் தொடங்குமுன் களத்தைவிட்டு வெளியேறினார். பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

டிவி உரிமை கோடிகோடியாய்க் குவிந்த காலம் முழுக்க ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. தன் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவே 2021 ஆனது. பல்கலைகள் நேரடியாகப் பணம் கொடுக்க 2025.

போன குளிர்காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு கென்டக்கியின் லெக்சிங்டன் போயிருந்தேன், மூன்றரை மணி நேர டிரைவ். அரங்கின் பெயர் ரப் அரீனா. அந்த ரப்தான். அவருடைய அணியில் முதல் கறுப்பின வீரர் ஆடியது 1970-ல். 1964-லேயே வெஸ் அன்செல்ட் என்ற கறுப்பின வீரரை அழைத்தார், அவர்தான் வரவில்லை என்று ரப்பின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அவர் மறுத்த பிறகும் வருஷக்கணக்காக வேறு ஆளா கிடைக்கவில்லை? 2020-ல் அந்தப் பல்கலையின் கறுப்பின ஆய்வுத்துறை ஆசிரியர்கள் பெயரை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். பெயர் அப்படியே இருக்கிறது. உள்ளே கூரையில் தொங்கும் சட்டைகளில் ஒன்று டப்பி ஸ்மித்துக்கானது, அந்த 1998 பட்டம் இந்த ஊர் அணிக்குத்தான்.

இந்த முறை மகள் கேட்பதற்கு முன்னாலேயே கையை நீட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பா, இதுல பெஞ்சு சைடுலதான் இருக்கு, கோச் சொல்றது கேக்கும்” என்றாள். பாப்கார்னுக்குக் காசு வாங்கிக்கொண்டு போனாள்.