மறுவாழ்வு மையத்தில் பர்சனாலிட்டி டெஸ்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குடிநோய், போதை சிகிச்சையில் மனநல உளவியலாளராக இருக்கிறேன். ஆளுமைச் சோதனை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

மகனைச் சேர்த்து மூன்று நாள் ஆகிறது. டெஸ்ட் இன்னும் எடுக்கவில்லையே? (ஒரு அம்மா)

எடுக்காததே நல்லது அம்மா. குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் கை நடுங்கும், தூக்கம் வராது, பதற்றம் தலைக்கேறும். அப்போது எடுத்தால் அந்தத் தவிப்பையே குணம் என்று எழுதிவிடுவோம். ஒருவருக்கு அவசரப்பட்டுக் கொடுத்தோம். பென்சில் கட்டத்துக்குள் நிற்கவில்லை. நாற்பதாவது கேள்விக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் 'சரி' என்றே குறித்திருந்தார். மூன்றாம் வாரம் மறுபடி கொடுத்தபோது வேறு யாரோ எழுதிய தாள்போல் இருந்தது.

பொய்யாக எழுதி ஏமாற்றலாமா?

முயன்று பார்ப்பவர்கள் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்.எம்.பி.ஐ. என்ற ஆளுமைச் சோதனையின் 1989 பதிப்பில் 'சரி', 'தவறு' என்று குறிக்க வேண்டிய 567 வாக்கியங்கள். தன்னை உத்தமராகக் காட்டுவது, நோயைப் பெரிதாக்குவது, படிக்காமலே டிக் அடிப்பது, இவற்றைப் பிடிக்கத் தனி அளவுகோல்களே அதில் இருக்கின்றன. பொய் தெரிந்தால் திட்ட மாட்டோம். எதற்குப் பயப்படுகிறார் என்று உட்கார்ந்து பேசுவோம்.

குடிகாரரைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் உண்டாமே சார்?

மெக்ஆண்ட்ரூ என்ற உளவியலாளர் 1965இல் அந்த எம்.எம்.பி.ஐ.யிலிருந்தே 49 வாக்கியங்களைப் பொறுக்கி ஓர் அளவுகோல் செய்தார். குடியைப் பற்றி நேராகக் கேட்கும் வாக்கியங்களை விட்டுவிட்டார். ஆனால் அது பெரும்பாலும் துணிச்சல், கலகலப்பு, ஆபத்தை விரும்பும் சுபாவம் இவற்றைத்தான் அளக்கிறது. சொட்டுக் குடிக்காத துணிச்சல்காரரும் அதில் மாட்டுவார். துக்கம் தாளாமல் குடிப்பவர் தப்பிவிடுவார். இந்த மதிப்பெண்ணை வைத்து ஒருவரைக் குடிநோயாளி என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். 'அடிமையாகும் குணம்' என்று தனியாக ஒன்று கிடையாது.

அப்புறம் எதற்கு இந்தச் சோதனை?

யாரிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்துகொள்ள. 23 கேள்விகளே உள்ள சின்னச் சோதனை ஒன்று நான்கு போக்குகளைப் பார்க்கிறது: நம்பிக்கையிழப்பு, படபடப்பைக் கண்டே பயப்படுவது, யோசிக்காமல் செய்வது, பரபரப்பைத் தேடுவது. படபடப்பு அடங்கக் குடிப்பவருக்கும் நண்பர்களோடு 'கிக்'குக்காகக் குடிப்பவருக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

பெண் வீட்டார் ரிப்போர்ட் கேட்கிறார்கள். கொடுப்பீர்களா?

தம்பி, உங்கள் சம்மதம் இல்லாமல் கொடுக்க மாட்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதை சார்ந்த பாதிப்புகளையும் சேர்த்துத்தான் ரகசியக் காப்பு உரிமை தருகிறது. கல்யாணத்துக்கு முன் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். வேண்டுமானால் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.