வாசகர் கேள்வி: இரண்டு கலீசியாக்கள்

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நிலப்படம் ஒன்றில், ஆஸ்திரியப் பேரரசின் வடகிழக்கு மூலையில் 'கலீசியா – லொதோமேரியா' என்று குறித்திருக்கிறார்கள். ஸ்பெயினில் உள்ள கலீசியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? ருத்தேனியா என்பதும் இதே பகுதிதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தொடர்பு இல்லை. ஸ்பெயினின் கலீசியா, ரோமானியர் காலத்தில் அங்கு வாழ்ந்த கல்லேசி இனத்தாரால் பெயர் பெற்றது. நீங்கள் படத்தில் கண்டதோ, இன்றைய மேற்கு உக்ரைனில் இருக்கும் ஹாலிச் என்ற ஊரின் பெயர் லத்தீன் ஆவணங்களில் பெற்ற வடிவம். அவ்வாறே வொலோதிமிர் என்ற நகரின் பெயர் லொதோமேரியா ஆயிற்று.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் ஆண்ட்ரூ, இவ்விரு நகரங்களையும் சார்ந்த நாட்டின்மீது உரிமை கொண்டாடி, 'கலீசியா, லொதோமேரியாவின் அரசர்' என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டார். நிலம் கைவிட்டுப் போன பின்னும் ஹங்கேரி அரசர்கள் பட்டத்தை மட்டும் விடவில்லை. 1772இல் ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா மூன்றும் போலந்தைப் பங்கிடத் தொடங்கியபோது, ஹங்கேரியின் அரசியாகவும் இருந்த மரியா தெரேசாவுக்கு, நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த அந்தப் பட்டமே தமக்குக் கிடைத்த பங்கை நியாயப்படுத்த உதவியது. வேடிக்கை என்னவென்றால், வொலோதிமிர் நகரம் அவர் கைக்கு வரவே இல்லை. அது 1795இல் ரஷ்யாவுக்குப் போயிற்று. மறுபுறம், விஸ்துலா ஆற்றுக்குத் தெற்கே போலிஷ் மக்கள் வாழ்ந்த, ஹாலிச்சோடு ஒட்டுறவே இல்லாத மாவட்டங்களும் கலீசியா என்ற பெயருக்குள் அடங்கின. ஆகவே அந்தப் பெயரை ஒரு மக்களின் தாயகமாகக் கொள்வதைவிட, அரசவை எழுத்தர்கள் வகுத்த நிர்வாக எல்லையாகக் கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து. லிவீவைத் தலைநகராகக் கொண்டிருந்த அம்மாகாணம் 1918இல் பேரரசோடு மறைந்தது. அதன் கிழக்குப் பகுதி இன்று உக்ரைனிலும் மேற்குப் பகுதி போலந்திலும் இருக்கின்றன.

ருத்தேனியா இதைவிடப் பரந்தது. 'ரூஸ்' என்ற கிழக்கு ஸ்லாவிய நாட்டின் லத்தீன் பெயராகிய அது, பிற்காலத்தில் பெரும்பாலும் இன்றைய உக்ரைன், பெலாரஸ் நிலங்களைக் குறித்தது. ஆஸ்திரிய அதிகாரிகள் தங்கள் ஆட்சியிலிருந்த உக்ரைனியரை ருத்தேனியர் என்றே பதிவு செய்தனர். ஆயினும் 1844இல் கசான் நகரில் புதிய உலோகம் ஒன்றைக் கண்டறிந்த கார்ல் கிளாவுஸ், ரஷ்யாவைச் சிறப்பிக்கும் நோக்கில்தான் அதற்கு ருத்தேனியம் என்று பெயரிட்டார். 20ஆம் நூற்றாண்டில் இப்பெயர் கார்பாத்திய மலைச்சரிவின் ஒரு சிறு பகுதியளவுக்குச் சுருங்கியது. 1919இல் செக்கோஸ்லோவாக்கியாவுடன் இணைந்த அப்பகுதி, இப்போது உக்ரைனின் சகர்பாத்தியா மாகாணமாக இருக்கிறது.