தலை எண்ணிப் படி அளக்கிறார்கள்

தம்பி, கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே ஒரு சிற்றூரில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு மலிவு, வரி குறைவாக வசூலாகும் ஊரில் பள்ளிக்கூடமும் ஏழையாகத்தான் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கதை அமெரிக்காவுடையது. அங்கே பல மாநிலங்களில் உள்ளூர்ச் சொத்து வரியை நம்பித்தான் பள்ளிகள் நடக்கின்றன. ஒன்ராறியோவில் 1998 முதல் அப்படியில்லை. வீடுகளுக்கான கல்வி வரி ரொறன்ரோவிலும் வடக்கே சட்பரியிலும் ஒரே விகிதம்தான், இப்போது 0.153 சதவீதம். பள்ளிகளை நடத்தும் கல்விச் சபைகளுக்குப் பணத்தைப் பங்கிடுவதும் மாகாணத்தின் சூத்திரமே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சூத்திரத்தின் பெரும்பகுதி தலைக்கணக்கு. அக்டோபர் 31, மார்ச் 31 என்று ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளை எண்ணுகிறார்கள். ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போனால் அவர்களுக்கான பணமும் போய்விடும். அதற்காக பாய்லர் குறைத்தா எரியும்? 250 பேருக்குக் கட்டிய கட்டடத்தில் 90 பேர் இருந்தாலும் மைனஸ் முப்பதில் முழுக் கட்டடத்தையும்தான் சூடாக்க வேண்டும்.

அதனால் என் மகளுக்கு 3ஆம் வகுப்பும் 4ஆம் வகுப்பும் ஒரே அறை. ஆசிரியை இந்தப் பக்கம் பெருக்கல் கணக்கைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் பின்னத்துக்குத் திரும்புவார். நூலகர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். புத்தகம் மாற்ற மறந்தால் வீட்டில் ஒரு வாரம் அழுகை. எனக்கும் முதலில் கோபம்தான். ஆனால் பக்கத்து வரிசைப் பாடத்தை ஒட்டுக்கேட்டே பாதியைப் படித்துவிட்டாள் கள்ளி!

அரசுக்கும் இது தெரியாமலில்லை. இடம் காலியாகக் கிடக்கும் பள்ளிகளுக்குக் கொடுத்துவந்த மேல்தொகையை 2015இலிருந்து படிப்படியாக நிறுத்தினார்கள். சின்னப் பள்ளிகளை மூடும் பேச்சு ஊர் ஊராகக் கிளம்பியது. பிறகு 2017இல் எந்தப் பள்ளியை மூடலாம் என்ற ஆய்வுகளை நிறுத்திவைத்து, கிராமப்புற, வடபகுதிப் பள்ளிகளுக்கென்று தனி நிதியும் ஒதுக்கினார்கள். இழுத்த கையே தடவியும் கொடுத்தது.

வீடு பார்க்குமுன் கல்விச் சபையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்தப் பள்ளியில் எத்தனை இடம், எத்தனை பிள்ளைகள்? எட்டாம் வகுப்புக்குப் பிறகு எந்த உயர்நிலைப் பள்ளி, பஸ்ஸில் எவ்வளவு நேரம்? எங்கள் ஊரிலிருந்து ஐம்பது நிமிடம். ஜனவரி இருட்டில் அது நீளம். உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருந்தீர்கள். அக்டோபர் 31க்கு முன்னே வந்து சேர்ந்தால் பள்ளி அதிபர் வாசலுக்கே வந்து வரவேற்பார்.