லோடு ஆட்டோவில் வரும் கேரல்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். நாற்பது வருடமாக, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன். போன டிசம்பரில் பையன்கள் லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, பென்டிரைவ் பாட்டைப் போட்டு, ஒரு மணி நேரத்தில் ஊரையே முடித்துவிட்டார்கள். ஒரு கீர்த்தனைகூட இல்லை. வாலிபர் சங்கத்தில் சண்டை போடலாமா? - பெயர் வேண்டாம்

பதில்: அண்ணாச்சி, ஸ்பீக்கரை வைத்துச் சண்டை போட்டால் தோற்றுப்போவீர்கள். ஒரே ஒரு தெருவை மட்டும் கேளுங்கள், அந்தத் தெருவில் வண்டி வேண்டாம், நடந்து போகிறோம் என்று. ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் நின்று பாட, தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து, ஜெபம் முடியும்வரை நின்று, சுக்குக் காப்பியும் முறுக்கும் கொடுத்து அனுப்புவார்களே, அதெல்லாம் நிற்காமல் ஓடுகிற வண்டிக்குக் கிடைக்காது. பையன்கள் அதை ஒரு தடவையாவது பார்க்கட்டும்.

பாட்டு விஷயத்தில் தப்பு நம்மிடமும் இருக்கிறது. ஒரு பையன் தாளம் தப்பினால் நடுத்தெருவில் அதட்டுவோம், அப்புறம் அவன் எப்படி வருவான்? கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) உங்கள் பக்கத்து மனிதர்தான், திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூருக்குப் போனவர். அவரும் அவர் வழியில் வந்தவர்களும் பல்லவி, சரணம் என்று கட்டி வைத்ததில் ஒரு சௌகரியம் உண்டு: சரணத்தை நீங்கள் பாடினால் போதும், பல்லவியைத் திருப்பிப் பாட யாராலும் முடியும். நவம்பரிலேயே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று பல்லவி சொல்லிக் கொடுங்கள். மூன்றே மூன்று, பேராசை வேண்டாம்.

கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும், ஆனால் உங்கள் ஊர் மெட்டு அதில் இருக்காது, அது உங்கள் விரலிலும் இரண்டு மூன்று பாட்டிகளின் தொண்டையிலும்தான் கிடக்கிறது. இந்த வாரமே ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களைப் பாடச் சொல்லி, அவன் போனிலேயே பதிவு செய்யுங்கள். பதிவு செய்கிறவனுக்கு எப்படியும் அந்தப் பாட்டு வந்துவிடும்.

எந்தத் தெரு என்று கேட்டால், இந்த வருடம் துக்கம் நடந்த வீடு இருக்கிற தெருவைச் சொல்லுங்கள். அந்த வாசலில் ஸ்பீக்கரை அலறவிட யாருக்கும் மனசு வராது, நாலு குரலும் ஆர்மோனியமும் போதும்.