கேளுங்க சொல்றேன்: தூண்டிலும் கையுமா கடலுக்குக் கிளம்புறவங்களுக்கு

போன இதழ்ல தூத்துக்குடி கடல்ல ஒரு பாறை மீனோட அரைமணி நேரம் மல்லுக்கட்டின கதைய எழுதினாலும் எழுதினேன், மெயிலா வந்து குவியுது. எல்லாருக்கும் போகணும்ங்கிற ஆசை வந்திருக்கு, சந்தோஷம். ஆனா முக்கால்வாசிப் பேரு எந்த ராடு வாங்கலாம்னுதான் கேட்டிருக்கீங்க. படகைப் பத்தியும் காத்தைப் பத்தியும் கேட்டவங்கள விரல் விட்டு எண்ணிரலாம். அதனால ராடு, ரீல் பேச்செல்லாம் இந்த தடவை கடைசியில, இடம் மிச்சமிருந்தா.

அண்ணே, நாங்க ஆபீஸ்ல அஞ்சு பேரு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மூணு நாள் லீவு வருது. தூத்துக்குடியில பைபர் படகு பேசி ஒரு நாள் முழுக்க தூண்டில் போடலாம்னு ப்ளான். அட்வான்ஸ் கேக்குறாங்க, குடுக்கலாமா? (வாசகர், மதுரை)

குடுக்காதீங்க தம்பி. படகுக்காரரை நான் குறை சொல்லல, நீங்க பிடிச்ச தேதியைத்தான் சொல்றேன். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மன்னார் வளைகுடாவுல கச்சான் காத்து, அதாவது மேக்க இருந்து வர்ற காத்து, போட்டு அடிக்கும். வானிலை மையம் மணிக்கு 45ல இருந்து 55 கிலோமீட்டர் வேகத்துல காத்து வீசும், கடலுக்குப் போகாதீங்கன்னு நாள் கணக்கா சொல்லிட்டே இருக்கிற சீசன் அது. அதுக்கப்புறம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, புயல். 2017 நவம்பர் 30 ஓகி புயல் ஞாபகம் இருக்கும்ல, பொறந்ததுல இருந்து கடல்லயே கிடந்தவங்களே அதுல திரும்பி வரல.

அப்ப எப்பதான் போறது? தை, மாசி, பங்குனி. பொங்கல் முடிஞ்சு தமிழ் வருசப் பிறப்பு வரைக்கும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், அது விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகும், இருந்தாலும் அந்த நேரத்துல வெளியூர்க்காரங்க போய் நின்னா துறையில யாருக்கும் பிடிக்கிறதில்ல. தை மாசத்துலயும் திடீர்னு ஒரு காத்தழுத்தத் தாழ்வு வந்து நிக்கும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வரேன். பணம் குடுத்தாச்சு, லீவும் போட்டாச்சு, மதுரையில இருந்து கார் எடுத்துட்டு வந்தாச்சுன்னா விடியக்காலை 4 மணிக்கு கரையில நின்னு கடலைப் பார்க்கும்போது உங்க கண்ணுக்கு கடல் நல்லாத்தான் தெரியும், ஏன்னா அப்படித் தெரியணும்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. அதனால முதல் கேள்வியே "காத்து இருந்தா வேற தேதிக்கு மாத்தித் தருவீங்களா"ன்னு இருக்கட்டும். சரின்னு சொல்றவர் கிட்ட மட்டும் பேசுங்க. "நம்ம படகு எந்தக் காத்துலயும் போகும் சார்"னு ஒருத்தர் சொன்னா டீ குடிச்சிட்டு வந்துருங்க. ரெண்டு நாள் தள்ளிப் போறதுக்கு லீவு இல்லன்னா அந்த வருசம் போகவே வேண்டாம்.

காத்து, அலை பார்க்கிறது பெரிய வித்தை இல்ல. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் கடல் நிலவரம் தினமும் போடுறாங்க, வானிலை மையத்தோட மீனவர் எச்சரிக்கையும் தமிழ்லயே வருது. அதுல அலை உயரம் ஒரு மீட்டர்னு போட்டிருந்தா எல்லா அலையும் ஒரு மீட்டர்னு அர்த்தம் இல்ல, வர்ற அலைகள்ல பெருசா இருக்கிற மூணுல ஒரு பங்கோட சராசரி அது, நடுவுல ஒண்ணு ரெண்டு மீட்டர் கிட்ட வரும், அதுதான் சின்ன பைபர் படகை ஆட்டிப் பார்க்கிறது. என் கணக்கு ஒரு மீட்டர், பத்து நாட், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் காத்து. அதுக்கு மேலன்னா புதுசா வர்றவங்களோட நான் போறதில்ல. துறைமுகத்துல 1ம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினாலே பேச்சை நிறுத்திக்கலாம். கள்ளக்கடல்னு எச்சரிக்கை வந்தா அன்னைக்கு காத்தே இல்லாட்டியும் போகாதீங்க, எங்கயோ தெக்க இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச காத்துல கிளம்பின அலை சத்தமில்லாம கரைக்கு வந்து நிக்கும். 2024 மே மாசம் கன்னியாகுமரி பக்கம் கரையில நின்ன அஞ்சு மருத்துவ மாணவர்கள் அந்த மாதிரி நாள்லதான் அலை இழுத்து செத்துப் போனாங்க.

அடுத்து படகு. மீன்பிடி படகா பதிவான படகுல ஆள் ஏத்திட்டுப் போறது ஒண்ணு, சுற்றுலாவுக்குன்னு அனுமதி வாங்கின படகு இன்னொண்ணு. ரெண்டுக்கும் இன்சூரன்ஸ் ஒண்ணு இல்ல, அதனால பேப்பரை கேட்டுப் பாருங்க, கூச்சப்படாதீங்க. அப்புறம் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். "இருக்கு சார்"னா எடுத்துப் போடச் சொல்லுங்க, அடியில வலைக்குக் கீழ எலி கடிச்சு கிடக்கிறதெல்லாம் ஜாக்கெட் இல்ல. டீசல் கணக்கு மூணு பங்கு: ஒண்ணு போக, ஒண்ணு வர, ஒண்ணு தொடாம வைக்க.

யாரும் கேக்காத ஒண்ணு சொல்றேன், நங்கூரக் கயிறு எத்தனை பாகம்னு கேளுங்க. ஒரு பாகம்னா கை ரெண்டையும் விரிச்ச நீளம், ஆறு அடி கிட்ட. நாலஞ்சு வருசம் முன்னாடி நான் போன ஒரு படகுல மத்தியானம் எஞ்சின் நின்னுச்சு, டீசல்ல தண்ணி. சரி நங்கூரத்தை போடுங்கன்னா இருக்கிற கயிறு 15 பாகம், ஆழம் 20 பாகம். நங்கூரம் தரையைத் தொடாம தண்ணிக்குள்ள தொங்கிட்டே வருது, நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எங்களை இழுத்துட்டுப் போகுது. மூணு மணி நேரம். மேல வெயில், கையில ஒரு பாட்டில் தண்ணி. சாயங்காலம் வேற படகு ஒண்ணு பார்த்து கயிறு கட்டி இழுத்துட்டு வந்துச்சு, அவங்க ஒரு பைசா வாங்கல. அன்னையில இருந்து ரெண்டு படகா சேர்ந்துதான் போறது, இல்ல மத்த படகுங்க கண்ணுக்குத் தெரியிற பார்லதான் (கடலுக்கடியில இருக்கிற பாறைத் திட்டு) தூண்டில் போடுறது. தண்ணி ஆளுக்கு நாலு லிட்டர். உங்க அஞ்சு பேர்ல யாராவது ஐஸ் பெட்டியில பீர் வைக்கலாம்னு சொல்லியிருப்பாரு, அவரை கரையிலயே விட்டுட்டுப் போங்க.

அண்ணா வணக்கம். எங்க வீட்டுக்காரர் இந்த மார்ச்ல பையனையும் கூட்டிட்டுப் போறேன்னு நிக்கிறாரு. பையனுக்கு 9 வயசு, நீச்சல் ஓரளவு தெரியும். அனுப்பலாமா? (வாசகி, திருநெல்வேலி)

அனுப்பலாம்மா, ஆனா முதல் தடவை ஒரு நாள் முழுக்க வேண்டாம், கரை தெரியிற தூரத்துல மூணு மணி நேரம் போதும். பெரியவங்க ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி விடுறது பிரயோஜனமே இல்ல, தண்ணியில விழுந்தா பையன் கீழ போவான், ஜாக்கெட் மட்டும் மேல மிதக்கும். அவன் எடைக்கு ஏத்ததா, காலுக்கு நடுவுல வார் வர்றதா வாங்குங்க. போட்டு விட்டு தோள்பட்டையில பிடிச்சு அப்படியே தூக்குங்க, ஜாக்கெட் காது வரைக்கும் ஏறிச்சுன்னா அது பெருசு. படகுல ஏறினதுல இருந்து இறங்குற வரைக்கும் கழட்டக் கூடாது. நீச்சல் தெரியும்ங்கிறது குளத்துல, கடல்ல வேற கதை.

உங்க வீட்டுக்காரர் கிட்ட ஒண்ணு எழுதி வாங்கிக்கோங்க, சண்டைக்கு இல்ல. படகு நம்பர், எத்தனை பேரு, எந்தப் பக்கம் போறாங்க, எத்தனை மணிக்குத் திரும்புவாங்க, டிரைவர் போன் நம்பர். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் வரலன்னா, போனும் போகலன்னா, யோசிக்காம கடலோரக் காவல் படைக்கு 1554, இல்ல கடலோரப் பாதுகாப்பு போலீசுக்கு 1093. சும்மா லேட்டுன்னு தெரிஞ்சா அவங்க திட்ட மாட்டாங்க, நீங்க இருட்டுனதுக்கு அப்புறம் கூப்பிட்டாத்தான் தேடுறது கஷ்டம்.

கடலுக்குள்ள சிக்னல் இருக்குமா? (வாசகர், சிவகாசி)

கொஞ்ச தூரம் இருக்கும், அப்புறம் இருக்காது, அதை நம்பிப் போகாதீங்க. படகுல விஎச்எஃப் வயர்லெஸ் இருக்கா பாருங்க, ஆபத்துன்னா 16ம் சேனல். போன்ல சிக்னல் இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும், நாம இருக்கிற இடத்தோட டிகிரி, நிமிஷத்தைப் படிச்சுச் சொல்ல கரையிலயே ஒரு தடவை பழகிக்கோங்க. ஜிப் கவர்ல போட்டு கழுத்துல மாட்டிக்கோங்க, பாக்கெட்ல வச்ச போனுங்க நெறைய மீனுக்குப் போயிருக்கு.

எனக்கு பஸ்லயே வாந்தி வருமுங்க. கடலுக்கு வந்தா என்ன ஆவேன்? (வாசகர், கோவை)

வாந்தி எடுப்பீங்க. எனக்கும் வரும், வெளிய சொல்றதில்ல. முந்தின ராத்திரி நல்லா தூங்கிட்டு, காலையில ரெண்டு இட்லியோட நிறுத்திக்கோங்க, வெறும் வயித்தோடவும் வரக்கூடாது, பரோட்டா சால்னாவோடவும் வரக்கூடாது. மாத்திரை போடுறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும், வாந்தி ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போட்டா மாத்திரைதான் முதல்ல வெளிய வரும். தூக்கமும் வரும், அதனால ஓரத்துல உக்காராதீங்க. படகோட நடுவுல, கொஞ்சம் பின்னால உக்காந்து கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாருங்க, போனைப் பார்க்காதீங்க. டீசல் புகை வர்ற பக்கம் வேண்டாம். வாந்தி எடுக்க எட்டிக் குனியிற நேரத்துலதான் ஆளு தவறி விழுறது, பக்கத்துல இருக்கிறவர் சட்டையைப் பிடிச்சுக்கணும்.

அப்படி யாராவது விழுந்துட்டா ஒருத்தரோட வேலை விழுந்தவரை கை நீட்டிக் காட்டிட்டே இருக்கிறது மட்டும்தான், கண்ணை எடுத்தா அலையில தலை மறைஞ்சிரும். இன்னொருத்தர் காலி கேன், மிதவை எது கிடைச்சாலும் வீசணும். கிட்ட வரும்போது எஞ்சினை நியூட்ரல் பண்ணிரணும், விசிறி வெட்டுறதுதான் தண்ணியை விட மோசம்.

தீவுப் பக்கம் மீன் நல்லா இருக்கும்ங்கிறாங்களே, அங்க போலாமா? ராமேஸ்வரம் பக்கம் எப்படி? (வாசகர், சென்னை)

தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருக்கிற 21 தீவும் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா, 1986ல இருந்து. வான்தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் அதுல வரும். இறங்கவும் கூடாது, சுத்தி இருக்கிற பவளப்பாறையில தூண்டில் போடவும் கூடாது, வனத்துறை பிடிச்சா படகுக்காரர் பிழைப்பு போயிரும், நீங்க ஊருக்குப் போயிருவீங்க. துறைமுகத்துல கப்பல் வர்ற வழியிலயும் நிக்காதீங்க, கப்பலால சட்டுனு நிக்கவோ திரும்பவோ முடியாது. ஆமை, கடல்பசு, திமிங்கலச் சுறா, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வர்ற உயிரினம். ஆமை தூண்டில்ல மாட்டினா தூண்டில் நரம்பை (இழையை) முள்ளுக்குப் (கொக்கிக்கு) பக்கத்துல வெட்டி விட்டுருங்க, மேல தூக்கி செல்ஃபி வேண்டாம்.

ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் புதுசா போறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். 1974லயும் 1976லயும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கையோட எல்லைக்கோடு அங்க ரொம்ப கிட்ட, கடல் மேல கோடு போட்டு வைக்கல, எஞ்சின் நின்னா நீவாடே உங்களை அந்தப் பக்கம் கொண்டு போய் விடும். எந்தத் துறையில இருந்து போனாலும் ஆதார் கார்டு கையில இருக்கட்டும்.

என்ன ராடு, என்ன நரம்பு? பிடிச்ச மீனை மதுரை வரைக்கும் எப்படி கொண்டு வர்றது? (வாசகர், விருதுநகர்)

முதல் தடவை ராடு வாங்காதீங்க, படகுல இருக்கிறதையே வச்சு பழகுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, பிரெய்டு (பின்னல்) நரம்பை கையில சுத்திக்கிட்டு இழுக்கக் கூடாது, பத்து கிலோ பாறை மீன் ஒரு ஓட்டம் ஓடினா விரல் போயிரும். லூர்ல, அதான் பொய் இரையில, மூணு முள் இருக்கும், வீசும்போது பின்னால யாரு இருக்கான்னு பார்த்து வீசுங்க, கண்ணாடி போட்டுக்கோங்க. முள் ஏறிட்டா, அதுவும் கண்ணுப் பக்கம்னா, பிடுங்காதீங்க, நரம்பை வெட்டிட்டு கரைக்கு வந்து ஆஸ்பத்திரி போய் டிடி ஊசி போட்டுக்கோங்க. கெளுத்தி, திருக்கை முள் குத்தினா கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல முக்கி வைங்க, வலி குறையும், அதுக்கப்புறம் டாக்டர். இடி மின்னல் தெரிஞ்சா ராடை எல்லாம் படுக்க வச்சிட்டு கரையைப் பாருங்க, கார்பன் ராடு மின்னலுக்கு நல்ல தோஸ்து.

மீனுக்கு ஐஸ் கரையிலயே வாங்கிக்கோங்க. சூரை மீனை வெயில்ல ரெண்டு மணி நேரம் போட்டு வச்சா அதுல ஹிஸ்டமின்ங்கிற நச்சு ஏறிரும், எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது, சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிக்கும். பிடிச்ச உடனே ரத்தம் வடிச்சு ஐஸ்ல போடணும். பேத்தை வந்தா திருப்பி விடுங்க, அது விஷ மீன், அதை சமைக்கத் தெரியும்னு சொல்றவரையும் நம்பாதீங்க.

ஒரு குழப்பம் வரும் பாருங்க, சென்னையில சீலான்னா பாரகுடா, தூத்துக்குடியில சீலான்னா உங்க வஞ்சிரம். டிரைவர் சீலா மாட்டிருக்குன்னு கத்தினா கொண்டாடலாம்.

மீனே கிடைக்கலன்னா காசு திரும்பத் தருவாங்களா? (வாசகர், திண்டுக்கல்)

தர மாட்டாங்க, டீசல் எரிஞ்சது எரிஞ்சதுதான். போன மார்ச்ல ஒரு நாள் முழுக்க நின்னு எனக்கு கிடைச்சது ரெண்டு சங்கராவும் ஒரு கெளுத்தியும். திரும்பி வர்ற வழியில மார்க்கெட்ல மூணு கிலோ சீலா ஒண்ணு வாங்கி ஐஸ் பெட்டியில போட்டுட்டுப் போனேன், வீட்ல ரொம்பப் பெருமைப்பட்டாங்க. இந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சு வச்சிரணும்.