யுனிவர்சல் ரிமோட்டில் ஒரே பொத்தானை அழுத்தினால் ஹோம் தியேட்டர் முழுவதும் இயங்கும்படி அமைப்பது எப்படி?

கேள்வி கேட்டவரிடம் டிவி, ஏவி ரிசீவர் (மற்ற கருவிகளின் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் படத்தை டிவிக்கும் அனுப்பும் பெட்டி), புளூ-ரே பிளேயர், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என நான்கு கருவிகள் உள்ளன. எந்தக் கருவி என்று ரிமோட்டுக்குச் சொல்லும் கோடு (code) எண்ணைப் பதிந்தால் பவர் பொத்தானுக்கு டிவி கட்டுப்படுகிறது, மற்ற பொத்தான்களில் பாதி வேலை செய்யவில்லை என்றும், எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அடக்க முயன்றால் ஒன்று ஆன் ஆகும்போது இன்னொன்று ஆஃப் ஆகிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டாவது தொல்லையோடு நான் பல வாரங்கள் மல்லுக்கட்டியிருக்கிறேன் என்பதால் அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். முதல் தொல்லைக்குச் சில வரிகள் போதும்.

ஒரே நிறுவனம் வெவ்வேறு காலங்களில் வெளியிட்ட மாடல்களுக்கு வெவ்வேறு கோடு தொகுப்புகள் இருப்பதுண்டு. அவற்றில் பவர் பொத்தானின் கட்டளை மட்டும் பொதுவாக அமைந்துவிடுவது சாதாரணமாக நடப்பது. ஆகவே, டிவி அணைந்தவுடன் ‘கோடு கிடைத்துவிட்டது’ என்று சேமித்துவிடாதீர்கள். ஒலி அளவு, அம்புக்குறிகள், மெனு, இன்புட் மாற்றும் பொத்தான் ஆகிய நான்கையும் அழுத்திப் பார்த்து, ஒன்று சறுக்கினாலும் பட்டியலிலுள்ள அடுத்த எண்ணுக்குப் போய்விடுங்கள். எந்த எண்ணும் முழுமையாகப் பொருந்தாவிட்டால், மிக நெருங்கி வருவதை வைத்துக்கொண்டு, விடுபட்ட பொத்தான்களை மட்டும் பழைய ரிமோட்டிலிருந்து கற்பிக்கலாம், அதாவது பழையது அனுப்பும் சிக்னலைப் புதியது நகலெடுத்துக்கொள்ளும். உங்கள் ரிமோட்டில் கற்கும் வசதி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கற்பிப்பதில் இடமும் தூரமும் முக்கியம். இரண்டு ரிமோட்டுகளையும் மேசைமேல் மூக்கோடு மூக்கு பார்ப்பதுபோல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். என்னிடமிருந்த பழைய ரிமோட் தட்டையானது, புதியது தடித்தது. பழையதன் அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் செருகி, இரண்டின் எல்இடி முனைகளும் ஒரே உயரத்துக்கு வந்த பிறகுதான் பதிவு ஒழுங்காக நடந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கவிட்டு, அந்தத் துடிப்புக் கற்றைகளின் நீளத்தையும் இடைவெளியையும் கொண்டு கட்டளையை உணர்த்துவதுதான் பெரும்பாலான ரிமோட்டுகளின் முறை. வெயிலும் சிலவகை விளக்குகளும் அந்தப் பதிவில் குறுக்கிடும் என்பதால் ஜன்னலை மூடிவிட்டுச் செய்யுங்கள். பழைய ரிமோட்டில் ஒளி வருகிறதா என்ற சந்தேகம் எழுந்தால், அதை மொபைலின் முன்பக்கக் கேமராவை நோக்கிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான மொபைல்களில் வெளிர் ஊதாப் புள்ளி மின்னுவது திரையில் தெரியும்.

கற்பித்த பொத்தான் முதல் முறை வேலை செய்து, உடனே மறுபடி அழுத்தினால் பேசாமல் இருக்கிறதா? ஃபிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 முறையைப் பின்பற்றும் கருவிகளில் இது நேரும். அந்த முறையில், பொத்தானை ஒவ்வொரு முறை புதிதாக அழுத்தும்போதும் சிக்னலிலுள்ள ஒரு பிட் 0, 1 என மாறி மாறி வரும். அது மாறாவிட்டால், விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். கற்ற ரிமோட் எப்போதும் ஒரே நகலையே அனுப்புவதால் 11 என்று அழுத்தினால் 1 மட்டும் பதிவாகும். இத்தகைய கருவிக்குக் கற்பிப்பதைவிட உள்ளமைந்த கோடு எண்ணைத் தேடுவதே நல்லது.

இனி, ஒரே பொத்தான். பல கட்டளைகளை வரிசையாக அனுப்பும் இந்த ஏற்பாட்டை மேக்ரோ என்பார்கள். நான் எழுதிய முதல் மேக்ரோ எளிமையானது: டிவிக்குப் பவர், ரிசீவருக்குப் பவர், பிளேயருக்குப் பவர். அப்பா பொத்தானை அழுத்தியதும் டிவி எரிந்தது, ரிசீவரும் எரிந்தது, மறுநொடியே ரிசீவர் அணைந்தது. ரிசீவர்தான் பழுதென்று நினைத்து அதன் கேபிள்களையெல்லாம் கழற்றி மாட்டினேன். உண்மையில் அது பழுதாகவே இல்லை. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று எழுப்பிக்கொள்ளும் சிஇசி என்ற வசதி டிவியில் ஆனில் இருந்தது. டிவி விழித்ததும் அதுவே ரிசீவரை எழுப்பிவிட்டது. பின்னால் வந்த என் பவர் கட்டளை, எரிந்துகொண்டிருந்த ரிசீவரை அணைத்துவிட்டது. சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், எல்ஜி சிம்ப்ளிங்க் என்றும் அழைப்பதால், மெனுவில் சிஇசி என்ற பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

மேக்ரோ, சிஇசி இரண்டில் யார் பவரைக் கவனிப்பது என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். இருவரிடமும் விட்டால் சண்டைதான். நான் பவரை மேக்ரோவிடம் கொடுத்துவிட்டு, சிஇசி மெனுவில் ஒருசேர ஆன், ஆஃப் ஆகும் பகுதியை மட்டும் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை, ஏனென்றால் சாதாரணப் பவர் கட்டளை ‘ஆன் ஆகு’ என்றோ ‘ஆஃப் ஆகு’ என்றோ சொல்வதில்லை. ‘இப்போது இருக்கும் நிலையை மாற்று’ என்றுதான் சொல்கிறது. யாராவது டிவியை மட்டும் தனியாக ஆன் செய்துவைத்திருந்தால் அடுத்த முறை மேக்ரோ எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும். இதற்கு மாற்று, ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனியாக உள்ள கட்டளைகள். கருவியோடு வந்த ரிமோட்டில் அவற்றுக்குப் பொத்தான் இல்லாவிட்டாலும் பல கருவிகள் அவற்றைப் புரிந்துகொள்ளும். சோனி டிவிகளின் அகச்சிவப்பு முறையில் நிலையை மாற்றுவதற்கு 21, ஆனுக்கு 46, ஆஃபுக்கு 47 என்று கட்டளை எண்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. உங்கள் யுனிவர்சல் ரிமோட்டின் கட்டளைப் பட்டியலில் பவர் ஆன், பவர் ஆஃப் என்று இரண்டு வரிகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். இன்புட்டுக்கும் இதே கதைதான்: வரிசையாக மாறிச் செல்லும் பொத்தானை மூன்று முறை அழுத்தச் சொல்லாமல், ‘எச்டிஎம்ஐ 2’ என்று நேரடியாகப் போகும் கட்டளையைத் தேடி எடுங்கள்.

தனிக் கட்டளை இல்லாத கருவிக்கும் ஒரு வழி இருக்கிறது. சில டிவிகள், அணைந்திருக்கும்போது எண் பொத்தான் ஒன்றை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். விழித்திருக்கும்போது அதே பொத்தானால் பெரிய பாதகம் ஒன்றும் வராது. அப்படியானால் ஆனுக்கு 0 மட்டும் அனுப்பினால் போதும். ஆஃபுக்கு 0, சற்று இடைவெளி, பிறகு பவர் என்று அனுப்ப வேண்டும். முன்பு எந்த நிலையில் இருந்தாலும் 0 அதை விழிக்கவைத்துவிடும் என்பதால் கடைசியில் வரும் பவர் கட்டாயம் அணைக்கும். இந்தத் தந்திரம் பிடிபட்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம், சொன்னால் சிரிப்பீர்கள்.

இடைவெளி என்று சொன்னேனே, அதைத் தாராளமாக வையுங்கள். பவருக்கும் இன்புட்டுக்கும் இடையே என் டிவிக்கு ஏழு நொடி தேவைப்படுகிறது. அதற்கு முன் அனுப்பும் கட்டளை எதுவும் அதன் காதில் விழாது. அதுவரை ரிமோட்டைக் கருவிகளை நோக்கிப் பிடித்திருக்கவும் வேண்டும். அப்பா அழுத்தியவுடன் ரிமோட்டைச் சோபாவில் போட்டுவிடுவார், பாதிக் கட்டளைகள் மெத்தைக்குப் போய்விடும். அதனால் ரிசீவரின் கட்டளைகளை முதலிலும், டிவியின் இன்புட்டைக் கடைசியிலும் வைத்தேன். படம் திரையில் வந்த பிறகு கையை இறக்கினால் போதும் என்பது அவருக்குச் சுலபமாகப் புரிந்தது.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைப் பொறுத்தவரை, அதன் ரிமோட் புளூடூத் வழியாகப் பேசுவதாக இருந்தால், ஸ்டிக்கில் அகச்சிவப்பு சென்சார் இருக்க வாய்ப்பு குறைவு. அகச்சிவப்பு மட்டும் அனுப்பும் ரிமோட்டில் எத்தனை கோடு போட்டாலும் பயனில்லை. இங்குதான் சிஇசி கைகொடுக்கும்: டிவிக்கு அனுப்பும் அம்புக்குறி, ஓகே கட்டளைகளை டிவியே எச்டிஎம்ஐ வழியாக ஸ்டிக்குக்குக் கடத்திவிடும். சிஇசியை ஒட்டுமொத்தமாக அணைக்காமல் பவர் பகுதியை மட்டும் நிறுத்தியதற்கு இதுவே காரணம்.